தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று, புதிதாகக் குடித்தனம் போகிறவர்களிடம் பெரியவர்கள் சொல்வதுண்டு. பழமொழி மனிதர்களைப் பற்றியது. ஆனால் முதலில் இதைச் சொன்னவர் வரப்போரம் மண்வெட்டியோடு நின்று எலி வளையை வெட்டிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதில் இருப்பது துல்லியமான விலங்கியல்.

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்து நெல்வயல்களில் வரப்பைக் குடைவது பெரும்பாலும் கரம்பை எலி. முரட்டு முடி, குட்டை வால், மழுங்கிய மூக்கு, கோபக்கார விலங்கு. சீண்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சீறும். வளர்ந்த எலி ஒவ்வொன்றும் தனியாகத்தான் வாழ்கிறது. ஒரு வளைக்கு ஒரு எலி. குட்டி போட்ட தாய் மட்டும் விதிவிலக்கு, அதுவும் குட்டிகள் பால் மறக்கும் வரைக்கும்தான். உள்ளே போனால் சுற்று வழிகள், படுக்கை அறை, கதிர்களை அடுக்கிய களஞ்சியம், ஆபத்தில் ஓட ஒரு அவசர வாசல் எல்லாம் உண்டு. அவசர வாசலின் மேல் மெல்லிய மண் மூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளிருந்து ஒரு முட்டு முட்டினால் திறந்துகொள்ளும்.

களஞ்சியத்தைத் தோண்டியவர்களுக்குத் தெரியும், சில வளைகளில் கிலோக்கணக்கில் நெல் கிடைக்கும். எலி தின்றதைவிட இழுத்து வைத்ததுதான் அதிகம்.

ஒரு வரப்பில் முப்பது ஓட்டை இருந்தால் முப்பது எலி என்று பயப்பட வேண்டியதில்லை. ஒரே எலிக்குப் பல வாசல்கள் இருக்கலாம், பாதி வளைகள் கைவிடப்பட்டும் கிடக்கலாம். எது உயிருள்ள வளை என்று அறிய ஒரு பழைய உபாயம் இருக்கிறது. மாலையில் எல்லா ஓட்டைகளையும் சேற்றால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலை எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி. கருவி வேண்டாம், காசு வேண்டாம். எலியைப் பற்றிச் செய்யப்படும் பல பெரிய ஆய்வுகளும் இந்தச் சேற்றுருண்டையிலிருந்துதான் தொடங்குகின்றன.

வீட்டில் எலித் தொல்லை என்று பேச வந்துவிட்டு வரப்பில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்களில் வீட்டு எலியின் கதை வீட்டில் தொடங்குவதில்லை.

*

ஆனாலும் ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்துவிடுவோம். "எலி" என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பது குறைந்தது நான்கைந்து வெவ்வேறு பிராணிகளை. எது என்று தெரியாமல் பொறி வைப்பது, காய்ச்சல் எது என்று தெரியாமல் மாத்திரை விழுங்குவது போல.

இரவில் கூரைக்குள், ஓட்டுக்கடியில், பரண்மேல் ஓடுவது வீட்டெலி. உடம்பைவிட நீண்ட வால், பெரிய காது, மெலிந்த தேகம். அது ஏறுவதற்கென்றே பிறந்தது. தென்னையிலிருந்து கீற்றுக்கும், கீற்றிலிருந்து கேபிள் கம்பிக்கும், கம்பியிலிருந்து உங்கள் பரணுக்கும் வந்துவிடும். இது கரம்பை எலியைப் போலத் தனிக்கட்டை அல்ல, கூட்டமாக வாழும். அலமாரிக்குப் பின்னால் காகிதத்தைக் கத்தரித்துக் கூடு கட்டுவது சுண்டெலி. பென்சில் நுழையும் சந்து போதும் அதற்கு, தண்ணீர் இல்லாமலும் நாட்களை ஓட்டிவிடும். சாக்கடையோரம், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பூனைக்குட்டி அளவுக்குத் தெரிவது பெருச்சாளி. சுவரின் அடியில் மண்ணைக் குவித்து வைப்பது அதுதான்.

பிறகு, சுவரை ஒட்டியே, "கிச் கிச்" என்று சில்லறை குலுக்குவது போன்ற ஒலியோடு, கூர் மூக்கை ஆட்டிக்கொண்டு போகிறதே, அந்த மூஞ்சூறு. அது எலியே இல்லை.

எலியினத்துக்கு முன்பற்கள் உளி போன்றவை. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் அளவுக்கு. பல்லின் முன்பக்கம் மட்டும் கடினமான பூச்சு, பின்பக்கம் மென்மை. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் தேய்ந்து முன்விளிம்பு தானாகவே கூராகிறது. கதவையும் கம்பியையும் எலி கடிப்பது பசியால் மட்டுமல்ல. மூஞ்சூறுக்கு அப்படிப்பட்ட பற்கள் கிடையாது. அதன் பற்கள் ஊசி போன்றவை, பூச்சியைக் குத்திப் பிடிப்பதற்கானவை. அது அகழெலிக்கும் முள்ளெலிக்கும் உறவு. உங்கள் நெல் மூட்டையைக் கடித்தது அது அல்ல. அது வந்தது கரப்பானுக்கு.

இன்னொரு வேறுபாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. மூஞ்சூறால் முடியும். வாந்தியைப் பற்றி ஆராயும் ஆய்வகங்கள் எலிகளை விட்டுவிட்டு மூஞ்சூறை வளர்ப்பது இதனால்தான். தவறானதை விழுங்கிவிட்டால் வெளியே தள்ள வழியில்லாத பிராணி என்ன செய்யும்? விழுங்குவதற்கு முன்பே சந்தேகப்படும். எலியின் புகழ்பெற்ற தந்திரம் முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்து வந்தது. புதிய பொருளைக் கண்டால் ஒதுங்கும். புதிய தீனியைத் துளி தின்று பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வயிறு வலித்தால் அந்தச் சுவையை மறக்கவே மறக்காது.

மசால்வடையோடு நேற்று வாங்கி வந்த கூண்டு முதல் இரவே காலியாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வடையில் குறை இல்லை, கூண்டு புதிது. நாலைந்து நாள் கூண்டின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே தீனி மட்டும் போட்டு, எலி வந்து தின்று பழகிய பிறகு விசையை மாட்டினால் கதையே வேறு. ஓடும் பாதையில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எலி திறந்த வெளியைக் கடக்க விரும்பாது, மீசை சுவரைத் தொட்டுக்கொண்டே போகும்.

*

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணையின் நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரியும் சங்கராபரணி ஆறும். இவற்றோடு ஆழ்குழாய்க் கிணறுகள் சேர்ந்த பிறகு சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டில் மூன்று போகம் வரை நெல் பார்க்க முடிகிறது. விவசாயிக்கு இது வரம். எலிக்கும்தான்.

எலியின் இனப்பெருக்கத்தைத் தீர்மானிப்பது மாதமல்ல, தீனி. நெல் கதிர் கட்டும் பருவத்தில்தான் வயல் எலிகள் மும்முரமாகக் குட்டி போடுகின்றன. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதல், ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டிகள், அந்தக் குட்டிகளே இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். ஒரே போகம் விளைந்த காலத்தில் அறுவடைக்குப் பின் வந்த நீண்ட வெறுமை எலிகளைக் குறைத்தது. இன்று ஒரு வயல் அறுவடையாகும்போது பக்கத்து வயல் பால் பிடிக்கிறது. எலிக்குப் பஞ்சகாலமே இல்லை.

தீனி பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி மிசோரம் மலைகளில் உண்டு. அங்கே ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை மலையாகச் சேர்ந்து பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் மொத்தப் படையும் வயலுக்கும் வீட்டுக்கும் இறங்கும். மக்கள் இதை மௌதாம் என்கிறார்கள். 1959இல் வந்த பஞ்சத்தில் எழுந்த நிவாரண அமைப்பே பின்னர் மிசோ தேசிய முன்னணியாக மாறி, இருபது ஆண்டு ஆயுதப் போராட்டத்துக்கு வழிவகுத்தது. 2007ஐ ஒட்டி மூங்கில் மறுபடி பூத்தபோது எலிகளும் மறுபடி வந்தன.

நம் ஊரில் மூங்கிலின் இடத்தில் நெல். 48 ஆண்டு காத்திருக்கவும் தேவையில்லை. தை பிறந்து சம்பா அறுவடையாகிக் களம் காலியானதும் ஒரு சிறிய மௌதாம் நடக்கிறது. வயலில் பிறந்த இளம் எலிகளுக்கு இடமும் இல்லை, தீனியும் இல்லை. நெல் எங்கே போனதோ அங்கே அவையும் போகின்றன. வைக்கோல் போர், குதிர், மூட்டை அடுக்கிய முன்னறை. 1960களில் கல்கத்தாவின் தானியக் கிடங்குகளை ஆராய்ந்தவர்கள் அங்கே ஆதிக்கம் செலுத்தியது இதே கரம்பை எலிதான் என்று கண்டார்கள். வயலில் தனி வளை கேட்டு அடித்துக்கொள்ளும் பிராணி, மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தால் நெருக்கடியையும் பொறுத்துக்கொள்கிறது.

எலி வந்தால் அதன் பின்னால் இன்னொன்று வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. பெரும்பாலும் கிராமங்களில். கொல்லையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் திரிவது நம்மைத் தேடி அல்ல. வைக்கோல் போரை வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், விறகைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி அடுக்குங்கள் என்று நான் யாரிடம் பேசினாலும் சொல்வது எலிக்காக மட்டும் அல்ல.

*

இனி காய்ச்சல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

பாகூர் கொம்யூன் பிள்ளையார்குப்பத்தில் இருக்கும் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்ந்த மாதங்களில் புதுச்சேரியிலும் ஒட்டிய தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் ஸ்க்ரப் டைபஸ் கொள்ளை போலப் பரவியதைப் பற்றியது அது. ஊரில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். உண்மையில் பரப்புவது மாட்டின் மேல் கொழுத்துத் தொங்கும் உண்ணி அல்ல. கண்ணுக்கு எட்டாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். புதரிலும் புல்லிலும் காத்திருந்து, உரசிப் போகும் பிராணியின் மேல் ஏறி, வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஊனீர் குடிக்கும். அதன் பெயர் லெப்டோட்ராம்பிடியம். அது கடிக்கும்போது ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உள்ளே போகிறது.

புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், காய்ச்சல் கண்ட கிராமங்களில் பொறி வைத்துச் சிறு பிராணிகளைப் பிடித்து, காது மடல்களைச் சீவிப் பார்த்தார்கள். அதிகம் சிக்கியது வீட்டெலி அல்ல, மூஞ்சூறு. அதன் காதுகளில் இந்தக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. பயிரைத் தொடாத, மூட்டையைக் கடிக்காத, பிள்ளையாரின் வாகனமென்று நாம் விட்டுவைக்கும் பிராணி.

உடனே மூஞ்சூறைக் கொல்ல வேண்டும் என்று தோன்றும். அது தவறு, ஆபத்தும்கூட. பாக்டீரியாவைப் பாதுகாத்து வைப்பது எலியோ மூஞ்சூறோ அல்ல, அந்தச் சிற்றுயிரேதான். தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கு நோய் போகிறது. பிராணி அதற்குச் சோறும் வண்டியும் மட்டுமே. புதரை அப்படியே விட்டுவிட்டுப் பிராணிகளை மட்டும் ஒரே வீச்சில் கொன்றால், பசித்த குஞ்சுகளுக்கு அடுத்துக் கிடைப்பது நம் கால். இந்த விதியை மனித இனம் பிளேக்கில் கற்றது. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், செத்த எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்புக்குத் தாவுவதுதான் பிளேக்கின் வழி என்று காட்டினார். எலி சாவது ஆபத்தின் முடிவு அல்ல, தொடக்கம். ஆகவே முதலில் கொல்லைப் புதரை வெட்ட வேண்டும், வீட்டைச் சுற்றி வெயில் படும் வெற்று நிலம் வேண்டும். பிராணிகளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மார்கழிக் குளிரில் நாலு நாளாக விடாத காய்ச்சல் என்றால், அக்குளிலும் தொடை இடுக்கிலும் மார்புக்கடியிலும் இடுப்பில் துணி கட்டும் இடத்திலும் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் நோயாளியே கவனித்திருக்க மாட்டார். எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆனால் இருந்தால், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய துப்பு கிடையாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். இவ்வளவு எளிய மருந்து இருந்தும் உயிர்கள் போவதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

எலிக்காய்ச்சலின் பாதை தண்ணீர். லெப்டோஸ்பைரா என்ற சுருள் கிருமி எலியின் சிறுநீரகத்தில், எலிக்கு எந்த நோவும் தராமல், குடியிருக்கிறது. சிறுநீரோடு வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் காத்திருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக மனித உடலுக்குள் போகிறது. 1993இல் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்து வடிந்தது. அடுத்த மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, உள்ளே அழற்சி கண்ட நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். தேடிப் பார்த்ததில் காரணம் லெப்டோஸ்பைரா. வெள்ளத்தில் நின்ற கால் வழியாகப் போன கிருமி, பல வாரம் கழித்துக் கண்ணில் தெரிந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. வரப்பு வளை எல்லாம் மூழ்கினால் எலி மேட்டுக்குத்தான் வரும். மேட்டில் இருப்பது வீடு. மனிதர், மாடு, எலி எல்லாம் ஒரே திண்ணையில் ஒண்டிய நாட்கள் அவை. வெள்ளம் வடிந்த பின் சேற்றை வாரும்போது காலணி போடச் சொல்வது அதனால்தான்.

*

விஷத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை நகர்த்த முடியாது, கடைக்குப் போனால் முதலில் நீட்டப்படுவது அதுதான்.

உடனே கொல்லும் விஷங்களுக்கு எலியின் நினைவாற்றலே எதிரி. கொஞ்சம் தின்று, சாகாமல் பிழைத்த எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது. துத்தநாக பாஸ்பைடு வைப்பவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத பொரியையோ நொய்யையோ வைத்துப் பழக்குவது இதற்காகத்தான். இந்தச் சிக்கலுக்கு விடை ஒரு பனிப்புயலில் கிடைத்தது. 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த பசுவையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவைத் தட்டினார். பூசணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகின்றன என்றார். புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகளாயின. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாக வந்தது, சில ஆண்டுகளில் இதய நோயாளிகளுக்கான மருந்தாகவும் ஆனது. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினை உடல் மறுபடி பயன்படுத்த விடாமல் இது தடுக்கிறது. எலி சாகப் பல நாளாகும், தின்றதற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரிவதில்லை. பத்தே ஆண்டில், 1958இல், ஸ்காட்லாந்தில் இதற்கு மசியாத எலிகள் தோன்றிவிட்டன. இன்று நம் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் புரோமடையலோன் இதன் வலிமையான தம்பி. வலிமை கூடியதால் எலியின் ஈரலில் நெடுநாள் தங்குகிறது. அந்த எலியைத் தூக்கிப்போகும் கூகையின் உடம்பிலும் ஏறுகிறது.

ஒன்றை மட்டும் எந்த வீட்டிலும் வைக்கக் கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. ரொட்டியில் தடவும் பசை போலவே இருக்கும், குழந்தையின் கை எட்டும். ஈரலைச் சிதைக்கும், மாற்று மருந்து இல்லை. முதல் ஓரிரு நாள் எதுவும் ஆகாதது போலத் தோன்றி வீட்டாரை ஏமாற்றும். தெரியாமல் யாராவது தொட்டு வாயில் வைத்துவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டு அரசு இதைத் தடை செய்தது சரியான முடிவு.

பூனை வளர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். சுண்டெலிக்குப் போதும். நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் எலிகளுக்கு அடையாளச் சில்லு பொருத்திக் கேமரா வைத்து இரண்டரை மாதத்துக்கு மேல் கவனித்ததில், அங்கிருந்த பூனைகள் கொன்ற எலிகள் மொத்தம் இரண்டு. வளர்ந்த பெருச்சாளியோடு மோத எந்தப் பூனையும் தயங்கும். கூகையை நம்பலாம். வயலில் மட்டையைக் குறுக்கே கட்டிய ஒரு கொம்பு நட்டால் இரவில் வந்து உட்காரும். அது அலறினால் சாவு வரும் என்று கல்லெறிந்து துரத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டோரம் கூகை அலறினால் அங்கே எலி இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான்.

*

எலியை இந்த மண்ணில் யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள் இருளர்கள். வளையின் வாயில் கிடக்கும் மண்ணின் ஈரத்தைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவசர வாசல் எங்கே என்று காலால் தட்டிக் கண்டுபிடித்து முதலில் அதை அடைப்பார்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வளை வாயில் பொருத்தி, வாயால் ஊதுவார்கள். எத்தனையோ பேருக்கு உதடு வெந்திருக்கிறது, நெஞ்சு புகைந்திருக்கிறது. பிடித்த எலி கறியாகும், களஞ்சியத்து நெல் கஞ்சியாகும். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டுப் பிழைப்பு போனபோது, அவர்களுக்குக் கைகொடுத்த தொழில்களில் எலி பிடிப்பதும் ஒன்று. விஷம் வாங்கச் செலவிடும் பணத்தை அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் வயலில் நஞ்சும் சேராது, எத்தனை எலி பிடிபட்டது என்ற கணக்கும் கையில் இருக்கும். புதுச்சேரியில் அவர்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டதே 2016இல்தான். அவர்களின் அறிவுக்கு நாம் கொடுத்த மதிப்பும் அவ்வளவு தாமதமானதுதான்.

காவிரிப் படுகையில் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியும் இதே ரகம். விலை குறைவு, எலி ஓடும் பாதை தெரிந்த கை வேண்டும்.

எதைச் செய்தாலும் எப்போது செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதிர் சாய்ந்த பிறகு, எலி வெட்டிய இடம் வழுக்கையாகத் தெரிந்த பிறகு பொறி வைத்தால், அதற்குள் குட்டிகள் பிறந்து தனி வளை தேடிக் கிளம்பியிருக்கும். நடவு முடிந்த முதல் சில வாரங்களில், தூர் வெடித்து முடிவதற்குள், தாய் எலி சினையாகும் முன் பிடிக்கும் ஒரு எலி, தை மாதத்தில் பிடிக்கும் பத்து எலிக்குச் சமம். வரப்பு ஒரு அடிக்கு மேல் அகலமாக இருந்தால் அது எலிக்குப் போட்டுக் கொடுத்த மனை, ஒல்லியாகச் செதுக்கி வைத்தால் வளை நிற்காது. அதையும் ஒரு விவசாயி மட்டும் செய்து பயனில்லை. காலியான வளைக்குப் பக்கத்து வயலிலிருந்து அடுத்த வாரமே புதுக் குடித்தனம் வந்துவிடும். ஒரு மடையில் பாயும் வயல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் எலி பிடித்து, ஒரே வாரத்தில் அறுத்தால்தான் எலிக்கு மறுபடி பஞ்சகாலம் வரும்.

வீட்டு வேலை அதற்குப் பின்தான், அறுவடைக்கு முன்பே முடியக்கூடியதும்கூட. கதவின் அடிச்சந்தில் ஒரு தகரப்பட்டை. கூரையைத் தொடும் கிளையை வெட்டி மூன்றடி இடைவெளி. தென்னையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத்தில் வழுவழுப்பான தகரம். கோழிக்குப் போட்ட தீனியை இரவுக்கு முன் பெருக்கி எடுப்பது, எலிப் புழுக்கையைத் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவது.

பிறகு ஒரு மாலையில் கொல்லை, சாக்கடையோரம், மாட்டுக் கொட்டகை என்று சுற்றி வந்து, கண்ணில் பட்ட ஓட்டைகளை எல்லாம் சேற்றால் அடைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். விடிந்ததும் திறந்திருப்பவற்றை எண்ணி, சுவரில் கரியால் தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரிலும் ஒரு எண் எழுதப்பட்டால், அடுத்த சம்பாவுக்கு முன் எங்கே, எத்தனை பேர் மண்வெட்டியோடு இறங்க வேண்டும் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.